வாயைக் கட்டுவதும் வயிற்றைக் குறைப்பதும்

இந்த வருடம் தைப்பூசத்தன்று, மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில் உள்ள கோர் தெ கார்த் மலைக்கோவில் படியில் பாதி ஏறியதும் நின்றுவிட்டேன். மகன் காவடியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய முதல் காவடி. பத்து நாள் விரதம் இருந்து, அப்பாவும் பிள்ளையுமாக முற்றத்தில் உட்கார்ந்து கட்டியது. அவன் சன்னதிக்குள் நுழைவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் பால் செம்புகூட எடுக்காமல் வெறுங்கையோடு வந்திருந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைக் கடந்து போனார்கள், அரோகரா சத்தம் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அபிஷேகம் முடிந்து, நெற்றி நிறைய விபூதியோடு அவன் என்னைத் தேடிக்கொண்டிருந்தான்.

எனக்கு வயது 45. உயரம் 158 செ.மீ. அன்றைய எடை 98 கிலோ. பிறந்தது திருச்சி, கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து இருபது வருடம் ஆகிறது. ரோஸ் ஹில்லில் வீடு, பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வகை மாத்திரை போட்டும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.6-க்குக் கீழே இறங்கவில்லை.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் டாக்டரிடம் போனேன். முழங்காலுக்கு மாத்திரை கேட்கத்தான் போனேன். அவர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, "எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி யோசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னால் முடியவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்துவிட்டது போல இருந்தது. மெட்ரோவில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் நான்கு மாதம் இதைப் பற்றியே யோசித்திருக்கிறேன், படித்திருக்கிறேன், பலரிடம் பேசியிருக்கிறேன். இந்த அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று தனியாக உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருக்கும் யாருக்காவது என் யோசனை போன வழி உதவலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். "ஏண்டி, வாயைக் கட்டினா போதாதா? வயித்தை எதுக்கு அறுக்கணும்?" என்றாள். அவள் மேல் கோபமில்லை. நம் வீடுகளில் எடை என்றாலே வாய்தான் குற்றவாளி. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். வருடா வருடம் தைப்பூச விரதத்தில் மூன்று கிலோ குறையும், வருஷப் பிறப்புக்குள் திரும்பி வந்துவிடும். 2019-இல் கங்கணம் கட்டிக்கொண்டு எட்டு மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். சோறு ஒரு கரண்டி, காலையில் ஒரு மணி நேரம் நடை. புடவைக்கு எல்லாம் புது ரவிக்கை தைத்தேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் 17 கிலோ ஏறியது. அந்த ஒன்றரை வருடமும் நான் இஷ்டத்துக்குச் சாப்பிடவில்லை. ஆனால் எந்நேரமும் பசித்தது. சாப்பிட்டு எழுந்த பிறகும் பசித்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தப் பசிக்குக் காரணம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அதிக எடை உள்ள 50 பேருக்குப் பத்து வாரம் கடுமையான பத்தியம் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் இன்னும் கூடுதலாகவே இருந்தன, போதும் என்று சொல்ல வைக்கும் ஹார்மோன்கள் குறைவாகவே இருந்தன. இழந்த எடையைத் திரும்ப வாங்கியே தீருவேன் என்று உடம்பு அடம் பிடிக்கிறது. பஞ்சத்தில் பிழைக்கக் கற்ற உடம்பு அப்படித்தான் செய்யும். இதைப் படித்த இரவு எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. மன உறுதி இல்லாதவள் என்று ஆறு வருடமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது.

இந்தத் தீவில் சர்க்கரை நோய் யாருக்கும் புதிதல்ல. 1987-இல் அரசாங்கம் நாடு முழுக்க முதல் தொற்றா நோய்க் கணக்கெடுப்பு நடத்தியதில் இருந்தே மொரீஷியஸ் பெயர் உலக மருத்துவ இதழ்களில் அடிபடுகிறது. இன்று வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. எங்கள் வீட்டில் அதைவிட அதிகம். என் மாமனாருக்கு 2014-இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சுண்டு விரலில் ஒரு கொப்புளமாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு வருடம் சக்கர நாற்காலியில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வீட்டில் 'ஆபரேஷன்' என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

மாமியாரிடம் நான் பேச்சை எடுத்த அன்று அவர் அடுப்படியில் ஃபராத்தா தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. அத்தை பேசுவது பாதித் தமிழ், பாதி இந்த ஊர் கிரியோல் மொழி. அன்று முழுக்கத் தமிழிலேயே பேசினார். "உங்க மாமா காலை எடுத்தப்போ கையெழுத்துப் போட்டது நான். இன்னொரு தடவை போட மாட்டேன்."

"இது நான் போடற கையெழுத்து அத்தை" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் பேசவில்லை. மாவு உருண்டையை எடுத்துத் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்தக் கால்தான் கணக்கு. வேட்டியின் கீழே ஒரு பக்கம் மட்டும் மடிந்து தொங்கிய அந்த இடத்தை நான் மறந்ததே இல்லை. அழகுக்காகவோ, ரவிக்கை அளவுக்காகவோ இந்த முடிவை எடுப்பதாக இருந்தால் அன்றைக்கே கைவிட்டிருப்பேன்.

அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். இங்கே 1987-இல் கணக்கெடுத்தார்கள் என்றேன் அல்லவா, அதே வருடம்தான் சுவீடனில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய 2,000 பேரையும், அதே போன்ற உடல்நிலையில் செய்துகொள்ளாத ஏறக்குறைய 2,000 பேரையும் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-இல் வெளிவந்த கணக்கின்படி செய்துகொள்ளாதவர்களில் 129 பேரும், செய்துகொண்டவர்களில் 101 பேரும் இறந்திருந்தார்கள். வித்தியாசம் உண்டு, ஆனால் அறுவை சிகிச்சை சாவைத் தடுத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரைக்காகவே நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 150 பேரைப் பிரித்து, ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி 6-க்குள் வந்தவர்கள் பைபாஸ் (இரைப்பையில் ஒரு சின்னப் பையைப் பிரித்துக் குடலோடு இணைப்பது) செய்தவர்களில் நூற்றுக்கு 29 பேர், ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்தவர்களில் 23 பேர், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 பேர். இந்த 29 என்ற எண்ணை நான் இரண்டு விதமாகவும் படித்துக்கொண்டேன். ஐந்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மீதி 71 பேருக்கு அந்த அளவு வரவில்லை. சர்க்கரை வந்து சில வருடங்களே ஆனவர்களுக்கும், இன்சுலின் ஊசி தொடங்காதவர்களுக்கும் பலன் கூடுதல் என்றார் டாக்டர். எனக்கு ஏழு வருடம், இன்சுலின் இல்லை. இன்னும் பத்து வருடம் தள்ளிப் போட்டால் இதே அறுவை சிகிச்சை இவ்வளவு கொடுக்காது.

தகுதி என்று பார்த்தால் எனக்குச் சிக்கல் இல்லை. பிஎம்ஐ என்கிறார்களே, எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது, அது எனக்கு 39. 1991-இல் வந்த பழைய விதி, 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் கூடவே சர்க்கரை போன்ற நோய் இருந்தால் என்றது. 2022-இல் அதை மாற்றி, 35 இருந்தாலே போதும், சர்க்கரை இருந்தால் 30-லேயே யோசிக்கலாம் என்றார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு 27.5-இல் இருந்தே பேசலாம் என்கிறது அதே விதி. நம் உடம்பு வயிற்றைச் சுற்றியே கொழுப்பைச் சேர்க்கிறது, குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. ஆனால் எண் பொருந்திவிட்டது என்பதற்காக அறுவை சிகிச்சையும் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது. இதை எனக்குப் புரிய வைத்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் எனக்குத் தெரிந்த ஆசிரியை. வெளிநாட்டுக்குப் போய் ஸ்லீவ் செய்துகொண்டு பத்து நாளில் திரும்பி வந்தார். அங்கே எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இங்கே வந்த மூன்றாவது வாரத்தில் இருந்து விடாத வாந்தி. செய்த இடத்துக்குப் போன் செய்தால் "பழகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்" என்றார்களாம். ஒரு மாதத்தில் பாதம் மரத்துப் போய், நடை தடுமாற ஆரம்பித்தது. கடைசியில் இங்கே ஓர் இளம் டாக்டர்தான் கண்டுபிடித்தார்: தயமின், அதாவது பி1 வைட்டமின், உடம்பில் தீர்ந்துபோயிருந்தது. தொடர்ந்து வாந்தி இருந்தால் சில வாரத்திலேயே அது தீர்ந்துவிடும். ஊசி போட்டு மீண்டார், ஆனால் பாதத்தில் இன்னும் முழு உணர்ச்சி வரவில்லை. அவரைப் பார்த்த பிறகு, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கடல் கடந்து செய்துகொள்வதில்லை என்று முடிவு செய்தேன். சென்னையில் எனக்கு உறவு இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, செலவும் குறையும். இருந்தாலும் நான்காவது மாதத்தில் இரவு இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தால் என்னைப் பார்க்கப் போகிறவர் இந்தத் தீவில்தான் இருக்க வேண்டும்.

இன்னொருவர் என் கணவரின் உறவுக்காரப் பெண், வயது 31, எடை என்னைவிட அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். வெறும் சடங்கு என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு மணி நேரம் பேசியதில், இரவு எல்லாரும் தூங்கிய பிறகு கட்டுப்படுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு அழுகிற பழக்கம் வெளியே வந்தது. கல்லூரிக் காலத்தில் இருந்தே இருந்திருக்கிறது. முதலில் அதற்கு சிகிச்சை, அப்புறம் மற்றது என்றார்கள். அவளுக்குக் கோபம். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வயிற்றைச் சின்னதாக்கினாலும் அந்த இரவு அப்படியே இருந்திருக்கும், அவள் மட்டும் இன்னும் தனியாக இருந்திருப்பாள். ஒரு வருடமாக வாராவாரம் போகிறாள். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. இப்போது அறுவை சிகிச்சை வேண்டுமா என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை.

எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்வது பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளுடைட் பற்றிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக நூற்றுக்கு 15 அளவு எடை குறைந்தது, இன்னொன்றான டிர்செபடைடின் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் ஏறக்குறைய 21. இரண்டு ஆய்வும் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்தவை, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சராசரியாக அதைவிடக் குறைவாகத்தான் குறையும். பலருக்கு அதுவே போதும், கத்தி தேவையில்லை. ஆனால் நிறுத்தினால் திரும்புகிறது. செமாக்ளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆயுள் முழுக்க மாதாமாதம் அந்தச் செலவை எங்கள் இரண்டு சம்பளம் தாங்காது. வசதி இருந்திருந்தால் அதைத்தான் முதலில் முயன்றிருப்பேன். அறுவை சிகிச்சைக்கும் பல மாதச் சம்பளம் போகும், ஆனால் ஒருமுறை.

சரி, எந்த அறுவை சிகிச்சை? இதில்தான் நான் நிறைய நேரம் செலவழித்தேன், செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஸ்லீவ் என்பது இரைப்பையின் நீள வாக்கில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் போலக் குழாயாக விடுவது. பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல் பாகமும் சேர்ந்தே போய்விடுகிறது. குடலைத் தொடுவதில்லை, நேரமும் குறைவு. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடவும் செய்யும். பைபாஸில் இரைப்பையின் மேல் நுனியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். 30 மில்லி எவ்வளவு என்று பார்க்க மருந்துக் குப்பியின் மூடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு மூடி. சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இதுவே மேல், எடையும் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். ஆனால் இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். ஆயுள் முழுக்க மாத்திரை, ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை. இனிப்பை வேகமாகச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும்.

எனக்குப் படுத்தாலே புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். அதனால் பைபாஸ் என்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தபோது டாக்டர், "முழங்காலுக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஐந்து வருடமாக வாரத்தில் நான்கு நாள் புரூஃபென் போடுகிறேன். பைபாஸுக்குப் பிறகு அந்த வகை வலி மாத்திரை எதையும் தொடக்கூடாதாம், குடலை இணைத்த இடத்தில் புண் வந்துவிடும். வலி இருந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எடை குறைந்தால் முழங்கால் வலியும் குறையும் என்கிறார்கள், ஆனால் தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. இதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன், ஏனென்றால் புரூஃபெனை நான் மருந்தாகவே எண்ணியதில்லை. போகிறவர்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், தலைவலித் தைலம் வரை.

உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்பதுதான் என் கணவரின் ஒரே கேள்வி. ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பேர், பித்தப்பை எடுப்பதற்குச் சமம் என்றார்கள். தையல் கசிவது, ரத்தம் கட்டுவது, எடை வேகமாகக் குறைவதால் பித்தப்பையில் கல் சேர்வது, மூன்றாம் மாதத்தில் முடி கொட்டுவது எல்லாம் சொன்னார்கள். மது சட்டென்று தலைக்கு ஏறும், சிலருக்குப் புதிதாக அந்தப் பழக்கமே பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார்கள். கணவர் ஆயிரத்தில் மூன்று என்பதைத் தாளில் எழுதி, பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னால முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தெரிய ஓர் ஒத்திகை பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்படிச் சாப்பிட வேண்டுமோ அப்படியே ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்ப்பது. டயட்டீஷியனிடம் கேட்டு, அவர் சரி என்ற அளவில்தான் செய்தேன், சர்க்கரை மாத்திரை அளவையும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார். ஒரு வேளைக்கு அரைக் கோப்பை. முதலில் புரதம், அதாவது பருப்போ முட்டையோ மீனோ. அடுத்துக் காய். இடம் இருந்தால் சோறு. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டும். சாப்பிடும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமும் தண்ணீர் கிடையாது. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம். காபி சாசரில் டீ ஸ்பூனோடு சாப்பிட்டேன்.

என் இரைப்பை பழைய அளவில்தானே இருந்தது, அதனால் பசித்தது. ஆனால் பசி எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. முதல் வாரத்திலேயே வேறு ஒன்று தெரிந்தது. நோட்டுத் திருத்தி முடிக்கும் இரவு பத்து மணிக்கு, என்னை அறியாமல் பிஸ்கட் டப்பா பக்கம் கை போகிறது. பள்ளியில் மூன்று தடவை சர்க்கரை போட்ட பால் டீ. இவை இரண்டும் எந்தச் சின்னப் பையையும் சுலபமாகக் கடந்து போய்விடும் என்று டயட்டீஷியன் சொன்னார். அறுவை சிகிச்சை செய்தும் எடை திரும்பியவர்கள் பலர் இந்த வழியில்தான் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு கல்யாணம். இங்கே தமிழர் கல்யாணம் என்றால் வாழையிலையில் சேத் காரி, ஏழு கறி. பலாக்காய், வாழைக்காய், பரங்கி, பீன்ஸ், கீரை, பருப்பு, ரசத்தை ரசோன் என்பார்கள், அப்பளம், பாயசம். கல்யாண மண்டபத்தில் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்தோம். பரிமாறியவர்கள் எல்லாரும் என்னைத் தெரிந்த பெண்கள். சோறு வந்தபோது இலைமேல் கையை வைத்து மறைத்தேன். ஒரு கரண்டி போதும் என்றேன். "உடம்பு சரியில்லையா?" என்றார் ஒருவர். "மான்ஸே, மான்ஸே" என்று சொல்லிக்கொண்டே இன்னொருவர் பலாக்காயை வைத்துவிட்டுப் போனார். சாப்பிடு என்கிற அந்த ஒரு கிரியோல் சொல்லில்தான் இந்த ஊர் என்னை இருபது வருடத்துக்கு முன் ஏற்றுக்கொண்டது. பருப்பை ஸ்பூனால் எடுத்து மென்றேன். பீன்ஸ். பலாக்காயில் இரண்டு துண்டு. பக்கத்தில் எல்லாரும் பாயசத்துக்கு வந்துவிட்டார்கள், நான் இன்னும் பருப்பில் இருந்தேன். வரிசை எழுந்தபோது என் இலையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. இலையை என் பக்கம் மடித்தேன். ஓரத்தில் ரசம் வழிந்து மேசைத் தாளில் இறங்கியது. பெண்ணின் அம்மா அதைப் பார்த்தார். அவர் முகம் வாடிய அந்த ஒரு நொடி, மாதம் முழுக்கப் பட்ட பசியைவிட எனக்குக் கனமாக இருந்தது.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன்: என்னால் முடியும், ஆனால் சொல்லிவிட்டுச் செய்தால்தான் முடியும். ஒளித்துச் செய்துகொண்டு ஒவ்வொரு விருந்திலும் வயிறு சரியில்லை என்று பொய் சொல்ல என்னால் ஆகாது. அடுத்த ஞாயிறு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தங்கைக்கும் சர்க்கரையால் கண் போய்க்கொண்டிருக்கிறது, எந்த டாக்டர் என்று கேட்டார்.

விரதம் பற்றியும் கேட்டுக்கொண்டேன், எனக்கு அது முக்கியம். முதல் வருடம் தண்ணீர் கூடக் குடிக்காத விரதம் கூடவே கூடாது. சைவப் பத்து நாள் இருக்கலாம், பருப்பும் தயிரும் பால் பொடியுமாகப் புரதக் கணக்கை விடாமல்.

பிறகு சர்ஜனைப் பார்த்தேன். அவரிடம் கேட்கக் கேள்விகளை நோட்டில் எழுதிப் போயிருந்தேன்: வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், எத்தனை பேரைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் என் போனை யார் எடுப்பார், இரண்டு வருடம் கழித்தும் என் ரத்தப் பரிசோதனையை யார் படிப்பார். கோபப்படுவாரோ என்று பயந்தேன். ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு பதில் சொன்னார், கடைசிக் கேள்விக்கு நர்ஸைக் கூப்பிட்டு அறிமுகம் செய்து வைத்தார். எனக்கு அதுதான் முடிவைக் கொடுத்தது. பைபாஸ், ஜூலை பள்ளி விடுமுறையில் என்று தேதியும் பேசினோம். அதற்கு முன் இரண்டு வாரம் ஈரலைச் சுருக்கும் பத்தியம்.

ஆனால் முன் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.9, அதாவது ரத்தசோகை. உடம்பில் இரும்புச் சேமிப்பு கிட்டத்தட்ட இல்லை. பி12-ம் ரொம்பக் குறைவு. ஏழு வருடமாகப் போடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பி12-ஐக் குறைக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். படியில் மூச்சு வாங்கியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். இந்த அளவில் பைபாஸ் செய்தால் பிறகு ஏற்றவே முடியாமல் போகலாம், முதலில் இதைச் சரி செய்வோம் என்று சர்ஜன் தேதியைத் தள்ளி வைத்தார். ஏமாற்றமாக இருந்தது, மனம் கல்யாணத் தேதி போல அதை எண்ணிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் கொல்லைக்குப் போனார்.

மறுநாள் முதல் பருப்பில் முருங்கைக்கீரை. இங்கே ப்ரேத் முரூம் என்பார்கள், நம் முருங்கைதான். எனக்கென்று முதலில் அரைக் கோப்பை எடுத்து, காபி சாசரில் தனியாக வைத்துவிடுகிறார். பி12 ஊசி இதுவரை நான்கு போட்டாயிற்று. இரும்பு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் டீ கூடாது. ஆறு மணிக்கு நான் மாத்திரை போட்டதும் அத்தை கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். எட்டு அடிப்பதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டீக்குத் தண்ணீர் வைக்கிறார், சர்க்கரை இல்லாமல்.